யார் பறப்பது என்று நாங்கள் பேசிய வருடம்

உங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "வெளியூர்க் கருத்தரங்கிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது மேடம், விமானத்தில் போகட்டுமா, போனால் துறையில் என்ன சொல்வார்கள்?" நான் சிரித்து மழுப்பிவிடுவதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்கு எப்போதும் இருந்ததில்லை. இப்போது ஓய்வு பெற்று விழுப்புரத்தில் வீட்டோடு இருக்கிறேன். அவசரம் எதுவும் இல்லை. அதனால் அந்த வருடம் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துப் பக்கம் எங்கள் கல்லூரியில் நான் விலங்கியல் துறைத் தலைவராக இருந்த கடைசிக் காலம் அது. மரக்காணத்துக் கழுவெளி உப்பங்கழியில் நண்டு, இறால், மீன்குஞ்சுகளைப் பற்றி ஆய்வு செய்வதுதான் எங்கள் துறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை. கடல் சூடேறுவதைப் பற்றியும் மழை தவறுவதைப் பற்றியும் வகுப்பில் நிறையப் பேசுவோம். ஒருநாள் அதைப் பற்றியே சிறப்புரை ஆற்ற, வடநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பெரிய அறிஞரை வரவழைத்தோம். தமிழர்தான். காலையில் விமானத்தில் சென்னைக்கு வந்தார். விமான நிலையத்திலிருந்து எங்கள் கார் அவரை அழைத்து வந்தது. ஒரு மணி நேரம் அருமையாகப் பேசினார். விமானப் புகை வானத்தை என்ன செய்கிறது என்பதையும் படம் போட்டுக் காட்டினார்.

கேள்வி நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சார், நீங்க எப்படி சார் வந்தீங்க?"

"ஃப்ளைட்லம்மா. அப்புறம் உங்க காலேஜ் கார்ல."

"எப்ப சார் திரும்பப் போறீங்க?"

"இன்னிக்குச் சாயந்தரமே."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். திரையில் இருந்த படத்தை அறிஞர் அணைத்தார். பிறகு, "நல்ல கேள்வி கேட்டேம்மா. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை" என்றார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு.

மறுநாள் துறையில் வேறு பேச்சே இல்லை. எங்களில் மூத்தவர் ஞானசேகரன். எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். எதையும் பாதியில் விடாத மனிதர். அவர்தான் சொன்னார்: "நாம பாடம் நடத்துறது ஒண்ணு, பண்றது ஒண்ணா இருக்கு மேடம். புள்ளைங்க பாத்துக்கினுதான இருக்குது." அன்றைக்கே கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். எங்கள் கருத்தரங்குகளுக்கு இனி யாரையும் விமானத்தில் வரவழைப்பதில்லை. தூரத்தில் இருப்பவர்கள் திரையில் பேசட்டும். வாய்மொழித் தேர்வுகளும் அப்படியே. நாங்கள் வெளியூர் போனால் ரயிலில் போவது. கடல் தாண்டிப் போவதே இல்லை. ஒருமித்து எல்லோரும் கை தூக்கினோம்.

முடிவு காகிதத்தோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே ஞானசேகரனுக்கு மலேசியாவிலிருந்து வந்த அழைப்பை அவர் மறுத்தார். அவருடைய பழைய நண்பர்கள் எல்லோரும் கூடுகிற இடம் அது. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மறுத்தார். மற்ற துறைக்காரர்கள் எங்களை 'மாட்டுவண்டி டிபார்ட்மெண்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் என்னிடம் வந்தாள்.

எஸ்தர் எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் வீடு. அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டுகிறவர்கள். சொந்த நிலம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். கழுவெளியில் முழங்கால் சேற்றில் நின்று நண்டுக்குஞ்சுகளை அள்ளி வந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதையெல்லாம் நுண்ணோக்கியில் பிரித்துப் பார்ப்பாள். நல்ல உழைப்பு. ஆனால் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டாள்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரே பாசஞ்சர் ரயிலில் திரும்புவது வழக்கம். அன்று மயிலம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"மேடம், ஐரோப்பால நடக்கிற நண்டு மாநாட்டுக்கு என் பேப்பரை எடுத்துக்கினாங்க. டிக்கெட், தங்குறது எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்களாம்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் முகத்தில் மலர்ச்சி இல்லை.

"வரலைன்னு மெயில் போடப் போறேன் மேடம். அதான் உங்ககிட்ட சொல்லிடலாம்னு."

அப்போதுதான் எனக்கு எங்கள் விதி ஞாபகம் வந்தது. "நீயும் கை தூக்கினியே எஸ்தர்" என்றேன்.

"தூக்கினேன் மேடம். எல்லாரும் தூக்கினாங்க. நான் மட்டும் எப்படி சும்மா இருக்கிறது? அப்ப இந்த அழைப்பும் வரல." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க, ஞானசேகரன் சார் எல்லாரும் இத்தினி வருஷம் போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்க. எங்க முறை வர்றப்போ ஆகாசம் அழுக்காயிடுச்சுன்னா எப்படிங்க மேடம்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குள் நேராக இறங்கியது. விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறி, எங்கள் பேச்சு நின்றது. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். விழுப்புரத்தில் இறங்கும்போது, "திங்கட்கிழமை வரைக்கும் அந்த மெயிலைப் போடாதே" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வார இறுதி முழுக்க எனக்கு அதே யோசனை. துறைத் தலைவராக எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. சிறப்பு அனுமதி என்று ஒன்றை எழுதி, அவளை அனுப்பிவிடலாம். திங்கட்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு அதைத்தான் சொன்னேன். எஸ்தர் தலையாட்டி மறுத்தாள்.

"சலுகையா வேணாம் மேடம். சலுகையில போனா, அங்க போயும் சலுகையில வந்தவளாத்தான் உக்காந்துக்கினு இருப்பேன். விதி சரின்னா நான் போகக் கூடாது. நான் போறது சரின்னா விதியை மாத்துங்க."

ஞானசேகரனிடம் பேசினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். "மேடம், எனக்கு அந்தப் பொண்ணு மேல வருத்தம் இல்ல. ஆனா விதி போட்டு ஒரு பருவம்கூட முடியல. முதல் ஆளுக்கே வளைச்சோம்னா நம்மள யார் மதிப்பாங்க? நான் மலேசியா போகல. யாருக்காகப் போகல?" அதிலும் நியாயம் இருந்தது. விட்டுக்கொடுத்தவர் கேட்கிற கேள்விக்குத் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தப் பார்ப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் வார்த்தைகளைத் தேடினேன். பிறகுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. யார் போகலாம், யார் போகக் கூடாது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எதற்காகப் போகிறோம் என்று எங்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை. மறுபடி கூட்டம் போட்டேன். ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்டேன்: நேரில் போகாமல் நடக்கவே நடக்காது என்று உங்களுக்கு இருக்கிற வேலை எது?

முதலில் நான் சொன்னேன். கல்கத்தாவில் ஒரு அமர்வுக்குத் தலைமை தாங்க எனக்கு அழைப்பு இருந்தது. யோசித்துப் பார்த்தால் அங்கே என் வேலை, பேச்சாளர்களை அறிமுகப்படுத்துவதும் மணி அடிப்பதும்தான். வீட்டு மேஜையிலிருந்தே செய்யலாம். ஞானசேகரன் தன் முறை வந்தபோது, "நண்பர்களைப் பார்க்கிறதுதான். பேப்பரு எப்படி இருந்தாலும் படிச்சிடுவாங்க" என்றார். இளையவர்கள் சிலர் தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார்கள்.

எஸ்தர் எழுந்து நின்று பேசினாள். அவள் குரலை அந்த அறை அன்றுதான் முழுதாகக் கேட்டது.

"நண்டுக்குஞ்சுல ஒரு இனத்துக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் ஒரு முள்ளுதாங்க சார். அதைப் பிரிச்சுப் பாக்கிற கைப்பழக்கம் அங்க ஒரு லேப்ல இருக்கு. போட்டோ அனுப்பிக் கேட்டேன். பதில் வந்துச்சு, ஆனா கை வரல. அது ஒண்ணு." உள்ளங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். "இன்னொண்ணு, உங்களையெல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ல வந்தாலும் கேப்பாங்க. என்னை யாருக்குத் தெரியும்? பேசி முடிச்சதும் கட் பண்ணிட்டு, அவங்க எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க. அந்த டீ குடிக்கிற நேரத்துலதான் மேடம் எல்லாமே நடக்குது. ஸ்கிரீன்ல இருக்கிறவளுக்கு அது கிடையாது."

ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

"இந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார். "பேர் வாங்கினவன் வீட்டிலருந்து பேசலாம். பேர் வாங்காதவங்க போகணும். நாம தலைகீழா விதி போட்டிருக்கோம்." பிறகு அவளைப் பார்த்து, "ஆனா ஒண்ணும்மா. மாநாட்டுக்குப் போயி, பேசிட்டு, போட்டோ எடுத்துக்கினு ஓடி வராத. அவ்ளோ புகையைக் கக்கிக்கினு போறதுக்கு அது கட்டுப்படியாகாது. அந்த லேப்லயே உக்காந்து வேலையக் கத்துக்கினு வா. எத்தினி நாள் ஆனாலும் ஆகட்டும். அங்க எனக்கு ஆளு இருக்கு, நான் எழுதறேன்" என்றார்.

அப்படித்தான் விதி மாறியது. முதல் தடவை போகிறவர்களுக்கு வழி. போனால் அங்கே இருக்கிற வேலை எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு நிதானமாகத் திரும்புவது. ஏற்கெனவே போய்வந்தவர்கள் வீட்டிலிருந்து பேசுவது. எஸ்தர் மாநாட்டோடு சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் தங்குவதாக ஏற்பாடு. கல்லூரி முதல்வர் கேட்ட ஒரே கேள்வி, அவள் வகுப்புகளை யார் எடுப்பது என்பதுதான். நானும் ஞானசேகரனும் பிரித்துக்கொண்டோம். எத்தனையோ வருடம் கழித்து முதலாண்டு மாணவர்களுக்கு மண்புழுப் பாடம் நடத்தினேன். சந்தோஷமாகவே இருந்தது.

மாநாடு நன்றாக நடந்தது. பேசி முடித்ததும் அவளைச் சுற்றி ஆட்கள் நின்றதாக எழுதியிருந்தாள். ஆய்வகத்தில் சேர்ந்து வேலையும் பிடிபடத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்த சம்பவம் நடந்தது.

ஒருநாள் காலையில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எஸ்தரின் அம்மா போன் செய்தார். கரும்பு வெட்டும்போது அவள் அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆட்டோ பிடித்து ஓடினேன். ஞானசேகரனும் வந்துவிட்டார். வார்டு வாசலில் அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"மருந்து ஏத்திக்கினு இருக்காங்கம்மா. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்றாங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எஸ்தருக்குச் சொல்லாதீங்கம்மா. சொன்னா அது பிளேன் ஏறி வந்துடும். அம்மாந்தூரம் போயிருக்குது, பாவம். இவரு எழுந்துக்கினாருன்னா அப்புறமா சொல்லிக்கலாம்."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவளை இவ்வளவு நாள் அங்கேயே இரு என்று சொன்னவர்கள் நாங்கள். மாநாடு முடிந்து உடனே திரும்பியிருந்தால் இந்நேரம் இந்த வாசலில் நின்றிருப்பாள். தாயே சொல்லாதே என்கிறார். சொல்லாமல் விட்டு, உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லி, அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து, இங்கே அவர் நன்றாக எழுந்து உட்கார்ந்திருந்தால்? ஞானசேகரனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"விதி கிதின்னு எதையும் யோசிக்காதீங்க மேடம்" என்றார் அவர் முந்திக்கொண்டு. "அந்தப் பொண்ணு வரணும்னா இன்னிக்கே டிக்கெட்டை மாத்தட்டும். அப்புறம் திரும்பப் போய் வேலைய முடிக்கணும்னாலும் போகட்டும். யாராவது புகை கணக்கு பேசினா நான் பாத்துக்கிறேன்."

இந்த வார்த்தையை அந்த மனிதர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. எஸ்தரின் அம்மாவிடம் போய், "நாம மறைச்சா, நாளைக்கு அவ நம்மள நம்ப மாட்டாம்மா. அவ அப்பா அவர். வர்றதா வேணாமான்னு அவதான் சொல்லணும். நாம அதை எடுத்துக்கக் கூடாது" என்றேன். அந்த அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நீங்களே பேசுங்க. எனக்கு அழுகை வந்துடும்" என்றார்.

அழைத்தேன். அங்கே விடிந்தும் விடியாத பொழுது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, டாக்டர் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை, எல்லாம். கடைசியில், "நீ வர்றதா இருந்தா வா. இங்க யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. வர்றதுக்கு வேண்டியதை நாங்க பண்றோம்" என்றேன். அவள் அழவில்லை. "டாக்டர் சாயந்தரம் பார்ப்பாங்கள்ல மேடம், அதுவரைக்கும் நான் பெட்டியைக் கட்டி வச்சிக்கினு உக்காந்திருக்கேன்" என்றாள்.

அன்றைய பகல் நீண்ட பகல். ஞானசேகரன் கல்லூரிக்குப் போகாமல் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, கால் வீக்கம் வடியச் சில நாள் ஆகும் என்றார். உள்ளே போய் எஸ்தரை வீடியோவில் கூப்பிட்டு, போனை அவள் அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மெலிந்து போயிருந்தார். கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இன்னாம்மா, சாப்டியா?"

"நான் வர்றேன்ப்பா. பெட்டி கட்டிட்டேன்."

"இன்னாத்துக்கு? பாம்பு கட்சது என்னிய. உன்னியா கட்சுது? டாக்டரு பாத்துக்கினுதான் இருக்காரு. நீ வந்து காலை அமுக்கிவுடப் போறியா? போன வேலைய முட்சிக்கினு வா."

எஸ்தர் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கிளம்பாமல் நின்றது, வரவேண்டாம் என்று அப்பா சொன்னதற்காக இல்லை என்று பிற்பாடு எனக்குச் சொன்னாள். அவர் குரலில் பழைய அதட்டல் இருந்ததாம். அதைக் கேட்டதும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டதாம். பெட்டியைப் பிரித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். நாங்கள் ஆள் மாற்றி ஆள் முண்டியம்பாக்கத்துக்குப் போய்வந்து, தினமும் அவருடைய காலைப் படம் எடுத்து அனுப்பினோம். வீக்கம் வடிந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பயணத்தைக் குறைக்க விதி வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் பறந்துகொண்டேதான் இருப்போம். ஆனால் அந்த விதி யாருடைய தோளில் போய் உட்காருகிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கிறவன்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். இக்கட்டு வரும்போது, முடிவு யாருடையதோ அவர் கையில் உண்மையை முழுதாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

எஸ்தர் திரும்பி வந்தபோது கை நிறைய வேலை கற்றுக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் நண்டுக்குஞ்சை இனம் பிரிக்க, புட்டியில் அடைத்து எங்கெங்கோ அனுப்பிக் காத்திருப்போம், இல்லாவிட்டால் ஆளே கிளம்பிப் போவோம். இப்போது கடலூர்ப் பக்கத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு வருகிறார்கள். நுண்ணோக்கிக்கு முன்னால் பக்கத்தில் உட்காரவைத்து அவள் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஒரு விமானப் பயணம் எத்தனை பயணங்களை மிச்சப்படுத்தியது என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. போடாமலே மனசு நிறைவாக இருக்கிறது.

போன மாதம் விழுப்புரம் ஜங்ஷனில் அவளைப் பார்த்தேன். தன் ஆய்வு மாணவிகளோடு டெல்லியில் ஒரு கருத்தரங்குக்கு ரயிலில் கிளம்பிக்கொண்டிருந்தாள். வண்டி அங்கே கொஞ்ச நேரம் நிற்கும் என்பதால் நானும் பெட்டிக்குள் ஏறினேன். கீழ்ப் படுக்கையில் காகிதங்கள் பரப்பிக் கிடந்தன. வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டே எல்லோரும் எதையோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ தூரம் ரயில்ல அலுப்பா இல்லையா எஸ்தர்?" என்று கேட்டேன்.

"காலேஜ்ல இதுங்களோட உக்கார எங்க மேடம் நேரம்? யாராவது கூப்ட்டுக்கினே இருக்காங்க. விஜயவாடா வர்றதுக்குள்ள இதோட பேப்பரைத் திருத்திடுவேன். நாக்பூர் தாண்டறதுக்குள்ள அதோடது. டெல்லில போய் இறங்குறப்போ பேச எல்லாம் ரெடியா இருக்கும்."

ஒரு மாணவி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்து, தன் கட்டுரையின் ஒரு பக்கத்தையும் பேனாவையும் நீட்டினாள். வண்டி கிளம்பும்வரை அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஒரே ஒரு வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டேன். விசில் கேட்டதும் காகிதத்தை அவள் கையில் திணித்துவிட்டு இறங்கினேன்.

வண்டி மெதுவாக நகர ஆரம்பித்தது. அந்தப் பெண் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"மேடம், கோடு போட்ட வரி இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்மா" என்றேன். "அதுதான் நல்லா இருக்கு."